லெவல் ஏற்றிவிடக் காசு கொடுக்கலாமா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கையில் வேலை இருப்பவர்கள் அதை முடித்துவிட்டு வாருங்கள், இது எங்கேயும் ஓடிவிடாது.

திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "சார், காலேஜ் போற பையன் கம்ப்யூட்டர்ல ஒரு கேம் ஆடறானுங்க. அதுல புதுசா ஒரு ஆளை உருவாக்கி இருக்கானாமா. ஒண்ணாவது லெவல்ல இருந்து ஏத்தறதுக்கு நாள்கணக்கா ஆகுமாமா. காசு கொடுத்தா யாரோ ரெண்டே நாள்ல ஏத்திக் குடுத்துருவாங்களாமா. குடுக்கலாமுங்களா?"

"குடுக்க வேண்டாம் சாமி" என்று உடனே சொன்னேன். ஆனால் அது பாதிப் பதில்தான். மீதிப் பாதியை எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். சீக்கிரம் ஏற வேண்டும் என்று அந்தப் பையன் நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. வேகமாக ஏற முறையான வழி இருக்கிறது, அதுவே ஒரு படிப்பு. அந்தப் படிப்பைத்தான் அவன் காசு கொடுத்து வேண்டாம் என்கிறான். என் ஆட்சேபம் அந்த ஒரு இடத்தில்தான்.

சொந்தக்காரர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். "ஆன்லைன் கேம்" என்றதும் நம் வீடுகளில் எல்லோருக்கும் ரம்மிதான் ஞாபகம் வருகிறது. அது வேறு, இது வேறு. பணம் வைத்து ஆடும் அந்தக் கூத்துக்கு எதிராக நம் மாநிலத்தில் ஒரு சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் போட்டுப் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்தது. அதே சட்டம், பணயம் இல்லாத விளையாட்டுகளைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. நான் சொல்லப்போவது பணயம் இல்லாத வகை. ஒரு வீரனையோ சூனியக்காரியையோ உருவாக்கி, பூதங்களை அடித்து, அனுபவம் சேர்த்து, லெவல் லெவலாக வளர்க்கும் ஆட்டம். 1996 கடைசியில் அமெரிக்காவின் பிளிசார்ட் கம்பெனி வெளியிட்ட டயப்ளோதான் இந்தக் குடும்பத்துக்கு மூத்த பிள்ளை மாதிரி. எனக்குப் பழக்கமானது பாத் ஆஃப் எக்ஸைல். நியூசிலாந்தில் உள்ள கிரைண்டிங் கியர் கேம்ஸ் என்ற கம்பெனி 2013-ல் வெளியிட்டது. ஆடுவதற்குக் கட்டணம் இல்லை. அதன் இரண்டாம் பாகமும் இப்போது வந்திருக்கிறது. நான் பேசுவது முதல் பாகத்தைப் பற்றி. ரத்தமும் பயங்கரமும் நிறைய, சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரக்கூடாது.

ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் மகள்வயிற்றுப் பேரன் ஒரு மே மாத லீவில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "அப்புச்சி, டிவி சீரியலுக்கு இது தேவலைங்க, ஆடிப் பாருங்க" என்றான். விரல் வேகம் எனக்கு எங்கே வரும்? அதற்கும் அவன் ஒரு வழி வைத்திருந்தான். சூனியக்காரியை எடுத்தால் செத்தவர்களை எழுப்பிப் படை சேர்த்துக்கொள்ளலாம். சண்டை அவர்கள் போடுவார்கள், நாம் பின்னால் நின்று மேற்பார்வை பார்த்தால் போதும். 34 வருசம் வகுப்பில் அதைத்தானே செய்தேன். என் சூனியக்காரி இன்றைக்கு 87-ஆவது லெவலில் நிற்கிறாள்.

இந்த ஆட்டத்தில் புது ஆளை ஏற்றுவது ஒருமுறையோடு முடிகிற வேலை இல்லை. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை 'லீக்' என்று புதுப் பருவம் தொடங்குகிறது. அதில் ஆட நினைப்பவர், போன பருவத்தில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், மறுபடி ஒன்றாவது லெவலிலிருந்து வெறுங்கையோடு தொடங்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற மாதிரி. அதனால் வேகமாக ஏறத் தெரிவது இதில் அடிப்படைத் தேர்ச்சி. நாடகம் போல 10 அங்கங்கள். அவற்றைக் கடந்தால்தான் உண்மையான ஆட்டமே ஆரம்பம். பழகியவர்கள் அந்த 10 அங்கத்தையும் ஐந்தாறு மணி நேரத்தில் முடிக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு முப்பது மணி நேரம்கூட ஆகும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் கணக்கு வாத்தியாருக்கு ஆசை வந்தது. விரல் வேகத்தில் கொஞ்சம் இருக்கலாம். பெரும்பகுதி, எதைச் செய்ய வேண்டியதில்லை என்று தெரிந்து வைத்திருப்பதில் இருக்கிறது.

புதிதாக ஆடுபவர் கண்ணில் படும் அத்தனை பிராணியையும் அடித்துத் தீர்ப்பார். நிறைய அடித்தால் நிறைய அனுபவம் என்று நினைப்பு. ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் அங்கே ஒரு சூத்திரத்தை வைத்திருக்கிறார்கள். உங்கள் லெவலை 16-ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் எடுத்து, 3 கூட்டுங்கள். 32-ஆவது லெவலில் இருந்தால் 2, அதோடு 3, ஆக 5. எதிரியின் லெவல் உங்களுக்கு மேலோ கீழோ 5-க்குள் இருந்தால் முழு அனுபவம் கிடைக்கும். அதைத் தாண்டினால் வெட்டு. 32-ல் நின்றுகொண்டு 22-ஆம் லெவல் பிராணியை அடித்தால் கால் பங்குதான் சேரும். 18-ஆம் லெவல் என்றால் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அடுக்கு 2.5 வருகிற சூத்திரம், வெட்டு படிப்படியாக இல்லை, சரேலென்று இறங்கும்.

ஆக, எளிதான இடத்தில் நின்று சொகுசாக அடித்துக்கொண்டே இருப்பது உழைப்பு மாதிரித் தெரியும், கூலி வராது. நம் லெவலை ஒட்டிய இடத்துக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் தேர்ந்தவர்கள் முதலில் தேடுவது கத்தியையோ கவசத்தையோ அல்ல, வேகமாக நடக்க வைக்கும் செருப்பை! வழியில் கூட்டமாக நிற்பவற்றை மட்டும் அடித்துவிட்டு, தனியாகத் திரிகிறவற்றை விட்டுவிட்டு ஓடுவார்கள். ஒரு பகுதிக்குள் நுழைந்ததும் பாதை எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்து வாசல் எங்கே இருக்கும் என்று ஊகிப்பார்கள். கீழே விழும் சாமானையெல்லாம் பொறுக்கி மூட்டை கட்டமாட்டார்கள். பேரன் ஆடும்போது, "அங்கே ஒண்ணு மின்னுது பார் கண்ணு" என்று நான் காட்டினால், "அது பத்து நிமிசத்துல குப்பைங்க அப்புச்சி" என்பான். அவன் சொன்னது சரிதான். அடுத்த இரண்டு லெவலில் அதைவிட நல்லது தானாக விழும்.

ஆயுதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. மந்திரத்தால் அடிக்கிற ஆளுக்கு அந்த மந்திரக் கல்லின் லெவல்தான் பலம், கையில் இருக்கும் கோல் சுமாராக இருந்தாலும் ஓடும். வாளாலும் வில்லாலும் அடிக்கிற ஆளுக்கு ஆயுதம் பழசானால் எல்லாமே பழசு, சில லெவலுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். இது தெரியாமல் வில்லாளிக்குத் தொப்பியும் மோதிரமும் தேடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இவ்வளவும் விட்டுவிட வேண்டியவை. விடக்கூடாதவை வேறு இருக்கின்றன. இந்த ஆட்டத்தின் மீது எனக்கு மரியாதை வந்தது அங்கேதான்.

ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒரு திறன் புள்ளி கிடைக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணுக்கள் கொண்ட ஒரு பெரிய மரப்படம் இருக்கிறது. புள்ளியை எந்தக் கணுவில் போடுகிறோமோ அந்த வகையில் ஆள் வளர்வான். கடைசி லெவல் 100. ஆக லெவல் வழியாக 99 புள்ளிகள். இதுபோக, சில கிளைவேலைகளை முடித்தால் மேலும் இருபதுக்குச் சற்று அதிகமான புள்ளிகள் உண்டு. உதாரணமாக முதல் அங்கத்தில், தண்ணீர் தேங்கிய ஒரு குகைக்குள் ஒரு ராட்சத ஜந்து இருக்கும். அது மெயின் ரோட்டை விட்டு உள்ளே. போகாவிட்டாலும் கதை நடக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். போய்வர ஐந்து நிமிசம் ஆகலாம், கிடைப்பது ஒரு புள்ளி. அவசரக்காரர், "இதுக்கெல்லாம் யாரு போவா" என்று தாண்டிவிடுவார்.

இப்போது அந்த ஒரு புள்ளியின் விலையைப் பாருங்கள். 100-ஆவது லெவலுக்கு மொத்தம் வேண்டிய அனுபவம் சுமார் 425 கோடி. 90-ஆவது லெவலைத் தொட்டவர் அதில் பாதியைக்கூடச் சேர்த்திருக்கமாட்டார். 90 லெவலுக்கு ஆன அனுபவத்தைவிட மீதிப் பத்து லெவலுக்கு வேண்டியது அதிகம்! அந்த உயரத்தில் ஒரு லெவலுக்கு, அதாவது ஒரு புள்ளிக்கு, நம்மைப் போன்றவர்கள் நாள்கணக்கில் ஆட வேண்டும். ஆரம்பத்தில் ஐந்து நிமிசத்தில் கிடைத்த அதே புள்ளி. ஓடிப்போய்த் தாண்டியவரும் பிறகு திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் நடுவில் அந்தப் பலம் இல்லாமலே கஷ்டப்பட்டிருப்பார்.

இன்னொன்று தடுப்பாற்றல். நெருப்பு, குளிர், மின்னல் ஆகிய மூன்றுக்கும் எதிராகத் தடுப்பு சேர்க்க வேண்டும், சாதாரணமாக 75 சதவீதம் வரை. முதல் நான்கு அங்கங்களில் இதைக் கவனிக்காமலே ஓடிவிடலாம், ஒன்றும் ஆகாது. ஐந்தாம் அங்கத்தின் கடைசியில் கிடாவா என்றொரு பசிக்கடவுள் வருவான். அவனை வென்றதும் நம் தடுப்பில் நிரந்தரமாக 30 சதவீதம் குறைந்துவிடும். பத்தாம் அங்கத்தின் முடிவில் மறுபடி 30. ஆக 75-ல் நிற்க வேண்டுமானால் உடுப்பிலும் மோதிரத்திலும் சேர்த்து 135 வைத்திருக்க வேண்டும். 75 இருப்பவர் மீது 100 அடி விழுந்தால் 25 படும். 45 இருப்பவர் மீது 55 படும். பார்வைக்கு 30 வித்தியாசம், உடம்பில் இரண்டு மடங்குக்கு மேல். ஆறாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் பத்தாம் அங்கம் முடித்து வருகிற புதியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். அங்கே சாவுக்கு விலையும் உண்டு. முதல் ஐந்து அங்கங்களில் செத்தால் அனுபவம் போகாது. அடுத்த ஐந்தில், அந்த லெவலுக்கு வேண்டியதில் 5 சதவீதம் போகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாவுக்கும் 10 சதவீதம். ஒரு நாள் முழுக்க ஏறியதை ஒரு சாயங்காலத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

நல்ல வாத்தியார் பாடத்திட்டம் போடுகிற மாதிரி போட்டிருக்கிறார்கள் பாருங்கள். ஆரம்பத்தில் தவறினால் தண்டனை இல்லை, பழகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அப்போது பழகாதவனுக்குப் பின்னால் வட்டியோடு வசூல்.

சரி, காசு வாங்கி ஏற்றிவிடுகிறவர்கள் கதைக்கு வருவோம். அது இந்த ஆட்டத்தை விடப் பழைய தொழில். 2000-ல் வந்த டயப்ளோ இரண்டாம் பாகத்தில் அது வேறு மாதிரி நடக்கும். பெரிய லெவல் ஆள் ஒருவர் முன்னால் போய் எல்லாவற்றையும் அடிப்பார். புது ஆள் அதே குழுவில் சேர்ந்து, அடிபடாத தூரத்தில் சும்மா நிற்பார். பக்கத்தில் இருந்தால் பங்கு அனுபவம் அவருக்கும் சேரும். மாடுகள் கோடரியோடு எழுந்து நடந்து வரும் ரகசியப் பகுதி ஒன்று அதில் உண்டு. நம்மூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பு வரும். அங்கே திரும்பத் திரும்பப் போய்த்தான் பலர் இப்படி ஏறினார்கள். பாத் ஆஃப் எக்ஸைல் அந்தக் கதவைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. மேலே சொன்ன சூத்திரம் இரண்டு பக்கமும் வெட்டும் அல்லவா? 10-ஆவது லெவல் ஆளைக் கூட்டிக்கொண்டு 40-ஆவது லெவல் இடத்துக்குப் போனால், அவருக்குச் சேர வேண்டியதில் நூற்றில் ஒரு பங்குதான் சேரும். அதனால் ஏற்றிவிடுகிறேன் என்பவர்கள் பெரும்பாலும் உங்கள் கணக்குக்குள் அவர்களே நுழைந்து ஆடக் கேட்கிறார்கள். பாஸ்வேர்டு, மெயில், வருகிற ஓடிபி எல்லாம் அவர்கள் கையில். ஆட்டத்தின் விதிப்படி கணக்கை இன்னொருவரிடம் கொடுப்பதே குற்றம், பிடிபட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். பணமும் போய், கணக்கும் போய், அந்த மெயிலில் வங்கி விவரம் இருந்தால் அதுவும் போகும். திருப்பூர் மாணவரிடம் முதலில் சொன்னது இந்தக் காரணத்தைத்தான். அப்பாக்களுக்கு இது சட்டென்று புரியும்.

கம்பெனிகளே விற்றதும் உண்டு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் 2014-ல் 90-ஆவது லெவலுக்கு நேரடியாகத் தாண்ட 60 டாலர் என்று பிளிசார்டே கடை போட்டது. அதே கம்பெனி டயப்ளோ மூன்றாம் பாகத்தில் நிஜப் பணத்துக்கு ஆயுதம் வாங்கி விற்கும் ஏலக்கூடத்தை 2012-ல் திறந்து, 2014 மார்ச்சில் மூடியது. அடித்துத் தேடிச் சம்பாதிப்பதுதான் ஆட்டம், ஏலக்கூடம் அதையே கெடுக்கிறது என்று அவர்களே காரணம் சொன்னார்கள். காசு வருகிற கடையை ஒரு கம்பெனி இப்படிச் சொல்லி மூடியது எனக்கு ஆச்சரியம்தான்.

பாஸ்வேர்டு பத்திரமாக இருந்தாலும், விதி அனுமதித்தாலும் என் பதில் மாறாது. காசு கொடுத்து 90-ல் இறங்குகிறவன் கையில் இருப்பது யாரோ வளர்த்த ஆள். அந்த மரத்தில் எந்தப் புள்ளி எதற்குப் போட்டது, தடுப்பு எங்கே ஓட்டை, எந்த எதிரி எப்போது கையை ஓங்குவான், எப்போது பின்வாங்க வேண்டும் என்று ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லித்தருவதற்காகத்தான் அந்த 10 அங்கங்களும் இருந்தன. சாவு இலவசமாக இருந்த இடத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதை, ஒரு சாவுக்குப் பத்து சதவீதம் போகும் இடத்தில் வந்து கற்றுக்கொள்வான். மூன்று மாதம் கழித்து அடுத்த பருவம் தொடங்கும்போது மறுபடி ஒன்றாவது லெவல், மறுபடி அப்பாவிடம் கை நீட்டல்.

அதற்காக யார் உதவியும் வாங்காதே என்று சொல்லவில்லை. பேரன் இல்லாமல் நான் முதல் அங்கத்தையே தாண்டியிருக்கமாட்டேன். நம்மூரில் இளங்காளையை வண்டிக்குப் பழக்கும்போது பழகின எருதோடு சேர்த்து நுகத்தில் பூட்டுவார்கள். பெரியது நடக்கிற நடைக்கு இளசு தானாக வந்துவிடும். இழுப்பதில் அதன் பங்கை அதுவேதான் இழுக்கிறது. அதே காளையை லாரியில் ஏற்றிக் கண்ணபுரம் சந்தைக்குக் கொண்டு போனாலும் ஊர் வந்து சேரும். வாங்க வந்தவர் வண்டியில் பூட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். பேரன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புச்சி, இந்த வேலையை முடிச்சுட்டுப் போங்க, புள்ளி இருக்குது" என்று சொன்னது நுகத்தில் பூட்டிய கதை. மவுஸை வாங்கி அவனே ஆடியிருந்தால் லாரிக் கதை.

நம் பக்கத்தில் கணக்குப் பாடம் நடத்திய ஒருவனுக்கு இந்த லாரி எங்கேயோ பார்த்த மாதிரி இருக்காதா? என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இதற்குள் புரிந்திருக்கும்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, ஒரே பாடத்தை இரண்டு வருசம் அரைக்க வைத்த விடுதிப் பள்ளிகள் கொங்கு மண்டலத்தில் எத்தனை இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். பெற்றோர் நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டினார்கள். பொதுத்தேர்வும் கட் ஆஃபும் பன்னிரண்டாம் வகுப்பில் மட்டும் இருந்ததால், பதினொன்றாம் வகுப்பு என்பது தண்ணீர் தேங்கிய குகைக்குள் இருக்கும் அந்த ஜந்து மாதிரி ஆகிவிட்டது. போகாவிட்டாலும் கதை நடந்தது. 200-க்கு 195, 198 என்று மதிப்பெண்ணும் வந்தது. பிறகு இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் லீவில் வீட்டுக்கு வந்து, "சார், எம்-1 ஒண்ணும் புரியமாட்டேங்குதுங்க" என்று என் திண்ணையில் உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள், நன்றாக உழைத்தவர்கள். அவர்களை யாரோ 90-ஆவது லெவலுக்கு ஏற்றி இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். கிடாவாவின் 30 சதவீதம் கல்லூரி வாசலில் கழிந்தது.

இப்போதைய மாநிலப் பாடநூலைப் பார்த்தாலே விஷயம் தெரியும். வகையிடலும் தொகையிடலும் பதினொன்றில் வருகின்றன. பன்னிரண்டில் வருவது வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள். அணிகளும் வெக்டர் இயற்கணிதமும் பதினொன்றில், அவற்றின் பயன்பாடுகள் பன்னிரண்டில். தலைப்பிலேயே 'பயன்பாடு' என்று போட்டிருக்கிறார்கள். முதலில் இருக்கிற பாடத்தைத் தாண்டிவிட்டு அதன் பயன்பாட்டை எப்படி நடத்துவது? நடத்தினார்கள். மாதிரிக் கணக்குகளை மனப்பாடம் செய்ய வைத்து நடத்தினார்கள்.

இதைத் தடுக்கத்தான் 2017-ல் அரசு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2018 மார்ச்சில் முதல் தேர்வை நடத்தியது. அதன் பிறகு புத்தகமாவது திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதை ஒட்டி அந்தப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. 10, 11, 12 என்று தொடர்ந்து மூன்று வருசம் பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்குப் பெரும் பாரம் என்பதை நான் மறுக்கமாட்டேன். வகுப்பில் கை நடுங்க உட்கார்ந்த பிள்ளைகளை நேரில் கண்டவன். ஆனால் தேர்வு போன இடத்தில் வேறொரு காவல் வேண்டும். அந்தப் பாடங்கள் உண்மையாகவே நடத்தப்படுகின்றனவா என்று வகுப்புக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரி வேண்டும், அல்லது பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளிலேயே முந்தைய வருசப் பாடம் கொஞ்சம் வர வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் லாரிகள் மறுபடி கிளம்பும் என்பது என் கருத்து. நீட், ஜேஇஇ இரண்டுக்கும் இரண்டு வருசப் பாடமும் வேண்டும் என்பதால் அந்தத் தேர்வுகளுக்குப் போகிற பிள்ளைகள் தப்பித்துக்கொள்வார்கள். போகாத பிள்ளைகள்தான் மாட்டுவார்கள், அவர்கள்தான் அதிகம்.

படிப்பில் எதையுமே தாண்டக்கூடாது என்றும் சொல்ல வரவில்லை. என் வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரே மாதிரிக் கணக்கை நாற்பது தடவை போடச் சொல்லும் ஆள் நான் இல்லை. நான்கு போட்டுப் பிடிபட்டுவிட்டால் அடுத்த மாதிரிக்குப் போ என்பேன். பிடிபட்ட பிறகும் அதையே போட்டுக்கொண்டிருப்பது, 32-ல் நின்றுகொண்டு 18-ஆம் லெவல் பிராணியை அடிக்கிற வேலை. நோட்டு நிறையும், அனுபவம் ஏறாது. கெட்டிக்காரப் பையன் ஒருவன் வீட்டுப்பாடத்தில் பாதியை விட்டுவிட்டு வந்தால், எதை விட்டான் என்று பார்த்துவிட்டுத்தான் திட்ட வேண்டும்.

திருப்பூர் மாணவரின் மகனை வருகிற சனிக்கிழமை காங்கேயத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் பேரனும் அன்றைக்கு வருகிறான். லேப்டாப்பை எடுத்து வரட்டும், முதல் ஐந்து அங்கத்தை எப்படி ஓடிக் கடப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கட்டும், மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில். அவனும் என்னைப்போல் சூனியக்காரியை எடுத்திருந்தால் கொஞ்சம் நானும் சொல்லித்தருவேன்.

உங்களில் யார் வீட்டில் இந்த வருசம் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுத்திருக்கிறதோ, இன்றைக்கு ராத்திரி கணக்கு நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பாருங்கள். மாநிலப் பாடத்திட்டம் என்றால் 'கணங்கள், தொடர்புகள் மற்றும் சார்புகள்' என்று இருக்க வேண்டும். 'அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள்' என்று இருந்தால் திங்கட்கிழமை காலை கடையைக் கொஞ்சம் தாமதமாகத் திறந்துகொள்ளலாம், முதலில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.